பதிவாகாத செவ்வாய்க்கிழமை

ஆட்டையாம்பட்டியில் ஒரு தறிப்பட்டறையில் நூலைக் குச்சிகளில் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை நாலு கோன் நூல் காணாமல் போனது. அன்று கடைசியாக வெளியே வந்தவள் நான். முதலாளி என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்டார். எனக்குப் பயமில்லை. வாசலுக்கு நேராகக் கேமரா இருந்தது.

"அதைப் போட்டுப் பாருங்க" என்றேன்.

பார்த்தால் செவ்வாய்க்கிழமைப் பதிவே இல்லை.

"அழிச்சுப்போட்டியா?" என்றார்.

"டிவி போடவே எனக்கு மகன் வரணுமுங்க" என்றேன். எட்டிப் பார்த்த, கூட வேலை செய்யும் பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து கேமரா மெக்கானிக் வந்தார். முதலில் வயரை மாற்றினார். பிறகு பதிவுப் பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்கில் காதை வைத்தார். உள்ளே டக் டக்கென்று தட்டியது. அதைத் தன் லேப்டாப்பில் மாட்டி வெகுநேரம் பார்த்தார்.

"யாரும் அழிக்கலைங்க. பொங்கலுக்கு அப்புறம் இது ஒண்ணுமே பதியலை. டிஸ்க் போயிருச்சுங்க."

"கேமராவுல லைட்டு எரிஞ்சுதே?" என்றார் முதலாளி.

"லைட்டு எரியுமுங்க."

அவர் போனதும் முதலாளி கதவைச் சாத்தினார்.

"இதை யாருகிட்டயும் சொல்லிப்போடாத. தெரிஞ்சா ஆளாளுக்கு நூலைத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"அப்ப நூலை நான் எடுக்கலைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

"நீ எடுத்தன்னு நான் எப்ப சொன்னேன்? போய் வேலையைப் பாரு."

அன்று சாயங்காலம் வாசலில் என் சாப்பாட்டுப் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். புது டிஸ்க் மாட்டிய பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை.