பேசாலையில் விட்டு வந்த பிலிம் சுருள்

போன மாசி மாதம் வேலையிடத்தில் மூன்று நாள் லீவு கிடைத்தது. வீட்டில் கிடந்தால் உடுப்புத் தோய்ப்பதிலேயே அது போய்விடும் என்று தெரிந்ததால், கமராவையும் தூக்கிக்கொண்டு மன்னாருக்கு வெளிக்கிட்டேன்.

கமரா என்றதும் கைக்குள் அடங்கும் சாமானை நினைக்க வேண்டாம். என்னுடையது நாற்பது வருடப் பழைய பிலிம் கமரா. பக்கத்தில் பூட்டும் பிளாஷோடு சேர்த்தால் மூன்று கிலோ. ஒரு சுருளில் பத்துப் படம்தான் எடுக்கலாம். அந்தச் சுருளே நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய், கழுவுவதற்கு இன்னொரு ஆயிரத்து ஐந்நூறு. தெருவில் படம் எடுப்பவர்கள் மற்றவர் கண்ணில் படாமல் எடுப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் வருவது அரை மைலுக்கு அப்பாலேயே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு பத்துக்கு பஸ், 480 ரூபாய். பூநகரி, வெள்ளாங்குளம் என்று அந்த நீள வீதியால் 115 கிலோமீற்றர் போல ஓடி ஒன்பது இருபதுக்கு மன்னார் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டது. யன்னல் கரைக்கு வலப்பக்கம் இருங்கள். இடப்பக்கம் வெயில் சுட்டுத் தள்ளும்.

இறங்கிய இடத்திலேயே மூன்று கழுதைகள் ரிக்கற் கந்தோர் நிழலில் நின்றன. அதுதான் முதலாவது படம். பிளாஷ் வெட்டியதும் கழுதைகள் அசையவில்லை, பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள்தான் திரும்பினார்கள். ஒருவர் நேரே வந்து, "காத்தாடிக்குக் காணி அளக்க வந்தனீங்களோ?" என்று கேட்டார். காற்றாலை என்றால் இங்கே சும்மா கதையில்லை, காணி போகுமென்று ஊரே கொதித்துக்கொண்டிருக்கிறது. ஐயோ இல்லை ஐயா, படம் எடுக்கிற ஆள் என்று விளக்கி முடிக்க ஐந்து நிமிடம் போனது. முடித்ததும் அவரே சீப்பால் தலையை இழுத்துக்கொண்டு வந்து நின்றார். லொத்தர் சீட்டு விற்கிறவர். அவர் இரண்டாவது படம்.

அதன் பிறகு எல்லாம் அப்படித்தான். தேத்தண்ணிக் கடைக்காரர் தன் இரண்டு தம்பிமாரையும் கூப்பிட்டு வைத்து எடுப்பித்தார். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "எங்களுக்கும் ஒண்டு தருவீங்களோ?" தருவேன் என்று பெயரை ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். மீன்பிடி ஊரான பேசாலைக்கு முச்சக்கர வண்டி பேசினேன். பதினாறு கிலோமீற்றர், காத்திருந்து திரும்பக் கொண்டுவந்துவிட மூவாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் அன்ரன் முப்பது வயதுக்காரர், வாய் ஓயாத பகிடிக்காரர். தன் வண்டியில் சாய்ந்து நின்று ஏழாவது படத்தில் இடம் பிடித்துக்கொண்டார். "அக்கா, எனக்கு வெளிநாட்டில பொம்பிளை பாக்கினம், வடிவாய் எடுங்கோ," என்றார்.

எட்டாவது படம் கடற்கரையில் வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்த இருவர். ஒன்பதாவதில்தான் மாட்டினேன்.

ஊரில் இருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கரையோரமாக மீன் காயவைக்கும் கொட்டில், ஒரு கருவாட்டு வாடி. அங்கே ஒரு பெண் தனியாகக் குனிந்து சூடை மீனைத் தட்டியில் பரப்பிக்கொண்டிருந்தார். பெரிய ஓலைத் தொப்பி, உடுப்புக்கு மேலே வெயிலுக்கு ஒரு நீலக் கோடு போட்ட ஆண்கள் சேட்டு. உச்சி வெயிலில் தொப்பிக்குக் கீழே முகம் இருண்டுவிடும், அதனால்தான் பகலிலும் பிளாஷ் போடுவோம். அவர் நிமிர்ந்தார். அவ்வளவு நேரமும் கேட்டுக் கேட்டு எடுத்த நான், அந்த ஒருமுறை கேட்காமல் அமத்தினேன். என்ன விசரோ தெரியாது.

"ஆரைக் கேட்டு எடுத்தனீங்கள்?" கிட்ட வந்தார். நாற்பத்தைந்து வயது மதிக்கலாம். "அழியுங்கோ. என்ர கண்ணுக்கு முன்னால அழியுங்கோ."

"இதில அழிக்க ஏலாதக்கா. பிலிம். கழுவினால்தான் படம் தெரியும்."

"இவ்வளவு பெரிய கமராவில படம் தெரியாதோ? பேய்க்காட்டாதேங்கோ தங்கச்சி." கமராவின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். கறுப்புத் தகரம்தான் இருந்தது.

பிறகு தட்டியோரம் இருந்து சொன்னார். பெயர் ரெஜினா. "என்ர மனுசன் செத்து இண்டைக்குப் பதினெட்டு நாள். முப்பத்தொண்டுப் பூசை முடியாமல் நான் வாசல் தாண்டக்கூடாதெண்டு மாமி சொல்லிப்போட்டா. இது அவர் சொல்லி வைச்ச மீன். வந்து இறங்கியிட்டுது. நான் காய வைக்காட்டில் ஆர் காய வைக்கிறது? புழுத்துப் போகும். கோயிலுக்கெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நீங்கள் பேஸ்புக்கில போட்டீங்களெண்டால் கனடாவில இருக்கிற மச்சாள்தான் முதல் ஆளாய்ப் பாத்து மாமிக்குச் சொல்லுவா. மாமியின்ர வளவுக்குள்ளதான் நானும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளும் இருக்கிறம்."

போடமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். "சத்தியம் பண்ணின ஆக்களைக் கனபேரைப் பாத்திட்டன்," என்றார்.

ஒரு வழி இருந்தது. கமராவின் முதுகைத் திறந்து சுருளை வெயிலில் இழுத்தால் ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். ஆனால் ஒன்றை மட்டும் அழிக்க முடியாது, ஒன்பதும் போகும். லொத்தர்க்காரர் தலை இழுத்துக்கொண்டு வந்து நின்றது கண்ணுக்குள் வந்தது. பின்னால் அன்ரன், "என்ர படமும் அதுக்குள்ள கிடக்கு," என்று முணுமுணுத்தார்.

பத்தாவதை எடுக்காமலே சுருளைச் சுற்றி முடித்தேன். வெளியே எடுத்து, காகிதப் பட்டியை நாக்கால் நனைத்து ஒட்டி, அதில் என் தொலைபேசி இலக்கத்தை எழுதி அவரிடம் நீட்டினேன். "இதை நீங்களே வைச்சிருங்கோ அக்கா. இந்த ஒட்டைப் பிரிச்சு வெயிலில பிடிச்சால் எல்லாம் அழிஞ்சுபோகும். முப்பத்தொண்டு முடியட்டும். பிறகு உங்கட விருப்பம்."

என்னையும் பார்த்தார், பெருவிரல் அளவான சுருளையும் பார்த்தார். சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு மீனுக்குத் திரும்பினார்.

திரும்பி வந்து மன்னார் பஸ் நிலையத்தில் இறக்கிவிடும்போது அன்ரன், "அந்தச் சுருள் இனி வராதக்கா," என்றார்.

வீட்டுக்கு வந்தபின் எனக்குக் கோபம் கோபமாக வந்தது, முழுக்க என் மேல்தான். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமானை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்த விசரி என்று தங்கை பத்துப் பேருக்குச் சொன்னாள். கேட்காமல் எடுத்ததற்கு இந்தத் தண்டனை காணாது என்றும் ஒரு மனம் சொன்னது. பதினைந்தாம் நாள் காலை தொலைபேசி அடித்தது. "தங்கச்சி, ரெஜினா. பூசை முடிஞ்சுது. மூண்டு மணி பஸ்ஸில கொண்டக்டரிட்டக் குடுத்து விடுறன். பிலிம் நனையேல்ல, அரிசிக்குள்ள வைச்சிருந்தனான்." ஈரம் என்றால் என்னவென்று கருவாடு போடுகிறவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பொதிக்குள் சுருளோடு ஒரு கிலோ சூடைக் கருவாடும் இருந்தது. அந்த நெகட்டிவ் இன்றைக்கும் மணக்கிறது.

கழுவினேன். ஒன்பது படமும் நல்லபடி வந்திருந்தன. கடைசிப் படத்தைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கமராவைக் கண்டதும் ரெஜினா அக்கா கையைத் தூக்கியிருந்தார். முகம் முழுக்க உள்ளங்கைக்குப் பின்னால்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. காலை பத்துக்கு முன்னும் நாலுக்குப் பின்னும் எடுங்கள், நடுவில் வெயில் ஆளை விடாது. தலைமன்னார்ப் பக்கம் போனால் கடற்படைக் காவலைக் கண்டதும் கமராவைப் பைக்குள் வையுங்கள். சுருளை உப்புக் காற்றில் திறந்து வைக்காதீர்கள். பெரிய கமராவோடு போகிறவர் தான் ஒளிந்து எடுப்பதாக நினைக்க வேண்டாம், எல்லாருக்கும் தெரியும். ஆகவே வாயைத் திறந்து கேளுங்கள். தருவேன் என்று சொன்ன படத்தைக் கட்டாயம் கொடுங்கள்.

நான் பங்குனி முடிவில் மறுபடி போய்க் கொடுத்தேன். லொத்தர்க்காரர் ஒரு சீட்டு இலவசமாகத் தந்தார், விழவில்லை. அன்ரன் தன் படத்தைப் பார்த்துவிட்டு, இந்த முறை வாடிக்குக் காசு வாங்காமல் கொண்டுபோனார்.

ரெஜினா அக்கா கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். "பாருங்கோ அக்கா, முகமே தெரியேல்ல. ரெண்டு பேரும் சும்மா பயந்திருக்கிறம்," என்று பகிடியாகச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "முகத்தை விடுங்கோ. சேட்டைப் பாருங்கோ. போன நத்தார்ப் பெருநாளுக்கு நான் அவருக்குத் தைப்பிச்சுக் குடுத்தது. இது ஆற்ற சேட்டெண்டு ஊரில எல்லாருக்கும் தெரியும்."

அவர் படத்தை வெயிலுக்குக் கொஞ்சம் சரித்துப் பிடித்துப் பார்த்தார்.

"இதைப் பெரிசாய் ஒண்டு அடிச்சுத் தாங்கோ தங்கச்சி. கலியாணப் படம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு. அவரும் நானும் சேர்ந்து நிக்கிற படமெண்டு இனி இதுதான்."