மசூதா ராத்தாவும் விழாத பனிச்சரிவும்

மசூதா ராத்தா மவுத்தாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் கரைத்தீவு வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு அப்படியே பஸ் ஏறினேன். தில்லையடியில் மையித்து வீட்டில் நான் ஸலாம் சொல்லி உட்காரக்கூட இல்லை, ஒருத்தி தொடங்கிவிட்டாள்: "பாவம், விழாத பனிக்குப் பயந்து நல்ல வேலைய விட்டுட்டு வந்த மனுசி." சாவு வீட்டில் வாக்குவாதம் கூடாது. இப்போது எழுதுகிறேன். ராத்தாவை, எனக்குக் கூடப்பிறக்காத அக்காவைத் தெரிந்த எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில் யுத்தம் முடிந்தபின் நாங்கள் இருவரும் லெபனான் மலையில் ஒரு விடுதியில் வேலை செய்தோம். அவர் சமையல், நான் துப்புரவு. முதல் நாள் ராத்தா சப்பாத்தைக் கழற்றிப் பனியில் கால் வைத்துவிட்டுத் துள்ளினார். "அல்லாஹ்வே, இது சுடுது புள்ள!"

அங்கே ஒரு மலை வழிகாட்டி இருந்தார். விடுதியை நடத்திய மேடம் உட்பட எங்கள் எல்லோருக்கும் அவர் சொல்லியிருந்தார்: புதுப்பனி விழுந்து, காற்றும் அடித்து, மிதிக்கும்போது பனி 'தொம்' என்று உள்ளே இறங்கினால் சரிவுப் பக்கம் போகக்கூடாது. மேல்படை பலகைபோல இறுகியிருக்கும், அடியில் பிடிப்பு இருக்காது, ஓர் ஆளின் பாரமே அதை அவிழ்த்துவிடும். எல்லோரும் தலையாட்டினோம்.

அந்த வழிகாட்டி லீவில் போயிருந்த சமயம் இரவெல்லாம் பனியும் காற்றும். காலையில் நல்ல வெயில். முதல் நாளே மேல் குடிலுக்குப் போய்த் தங்கிய விருந்தாளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்படி மேடம் என்னிடம் சொன்னார். வழி சரிவுக்குக் குறுக்கே போகிறது. நான் சப்பாத்தை எடுக்கும்போது, விறகுக்குப் போன ராத்தா மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"தொம் எண்டு இறங்கிச்சு மேடம். காலுக்கு முன்னால வெடிச்சுக் கோடு ஓடுது. இவ போக மாட்டா."

போகாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார் மேடம். ராத்தா என் சப்பாத்தைப் பிடுங்கி, தரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அங்க குடில்ல தின்னப் பாண் இருக்கு. ஒரு நேரம் சூடாத் தின்னாட்டி ஆரும் மவுத்தாக மாட்டாங்க. இந்தப் புள்ள மவுத்தானா இவட உம்மாக்கு ஆர் பதில் சொல்ற?"

மேடம் தோட்டக்காரரை அனுப்பினார். அவர் போனார், சிரித்துக்கொண்டே திரும்பியும் வந்தார். பனி அசையவில்லை. சமையலறையே சிரித்தது. ராத்தா தலை குனியவில்லை. "அந்தாள் தப்பிட்டார். அதுக்காக அது நல்ல வழியாகுமா?" என்று கேட்டார். அந்த வாரமே ராத்தாவை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு நான் ஊர் வந்து, பூச்சு முடியாத அவர் வீட்டில் உட்கார்ந்து, "வேல போனது கவலையா ராத்தா?" என்று கேட்டேன். "என்னத்துக்கு? நீ எனக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிக்கிறாய்தானே," என்றார்.

பனி சரிந்து அந்த மனிதர் புதைந்திருந்தால் நீங்களெல்லாம் ராத்தாவைக் கொண்டாடியிருப்பீர்கள். ஒருவர் செத்தால்தான் ராத்தா சொன்னது சரியென்று ஒப்புக்கொள்வீர்களா? எனக்கு அந்தச் சாட்சி தேவையில்லை.

யுத்த காலத்தில் துப்பாக்கியோடு வந்து ஊரைவிட்டுப் போ என்றார்கள், போனோம். வெளிநாட்டுக்குப் போ என்றார்கள், போனேன். சரிவுக்குக் குறுக்கே போ என்றார்கள், அதற்கும் எழுந்தேன். என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் குறுக்கே வந்து "இவ போக மாட்டா" என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். அதை நான் வைத்திருக்கிறேன்.