கத்திரி வெயிலில் சிவந்த குளம்

ஆராய்ச்சிப் படிப்புக்காக மரக்காணத்தில் உப்பளத்து வேலைக்குப் போகும் ஓர் அக்காவின் வீட்டில் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். உப்பளங்களைத் தாண்டினால் ஒரு நல்ல தண்ணீர்க் குளம். உப்பு வாரிவிட்டு வரும் பெண்கள் அதில்தான் கைகால் கழுவி, குடத்தில் மொண்டு போவார்கள். அந்தத் தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும் தெள்ளுப்பூச்சிகளில் இரண்டு வகையை நான் கவனித்து வந்தேன். ஒன்று கடுகளவு. மற்றது அதில் பாதிகூட இல்லை. இரண்டுக்கும் ஒரே பாசிதான் சாப்பாடு. தண்ணீர் சூடாக ஆக எது பெருகும், எது குறையும் என்பதுதான் என் கேள்வி.

அறையிலும் சில ஜாடிகளில் இரண்டையும் சேர்த்தே வளர்த்தேன். சில ஜாடிகளைக் குளிர்ச்சிக்காக ஈர மணலில் புதைத்து வைத்தேன். சிலவற்றைச் சூடேறட்டும் என்று ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய மேல்தட்டில். தை, மாசி வரை எல்லா ஜாடியிலும் பெரியவைதான் அதிகம். கத்திரி தொடங்கியதும் மேல்தட்டு ஜாடிகளில் பெரியவை குறைந்துகொண்டே வந்தன. ஒரு மதியம் பார்த்தால் அடியில் அவற்றின் வெற்று ஓடுகள் மட்டும் கிடந்தன. சிறியவை பெருகி, தண்ணீரே புரண்டு படுப்பதுபோல் இருந்தது. நிறமும் லேசாகச் சிவந்திருந்தது. சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறையும், அப்போது அவற்றின் உடம்பில் ரத்தச் சிவப்பு ஏறும் என்று படித்திருக்கிறேன். இருந்தும் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் அக்கா மூச்சிரைக்க வந்து வாசலில் நின்றார்.

“ஏம்மா, கொளத்துல இன்னா ஊத்துன?”

“நான் எதுவும் ஊத்தலக்கா. ஏன்?”

“தண்ணி ரத்தமா கெடக்குது. நீதான் தெனம் வலைய போட்டு அலசுறன்னு எல்லாம் உன்னைத்தான் சொல்றாங்க.”

ஓடினேன். கரையோரம் முழுக்கச் செந்நிறப் படலம். பெண்கள் தள்ளி நின்றிருந்தார்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெயிலில் தூக்கிக் காட்டினேன். சிவப்பு தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்து துடித்தது.

“பூச்சிதாங்க. சூட்டுல பெருகிடுச்சு. கடிக்காது.”

“ஒரு வாரத்துல இத்தனையா?” என்றாள் ஒருத்தி.

“எல்லாமே பொட்டைங்க. குட்டி போட ஆண் வேணாம் இதுங்களுக்கு.”

தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னேன். அக்கா புடவைத் தலைப்பால் வாயை அழுந்தத் துடைத்துக்கொண்டார். “இதுலதானம்மா தெனம் வாய் கொப்பளிச்சேன்.”

வலையில் பெரியது ஒன்றுகூட வரவில்லை. என் மேல்தட்டில் நடந்தது அப்படியே இங்கும் நடந்திருந்தது.

அன்று அறைக்குத் திரும்பியபோது மேல்தட்டு ஜாடிகள் தெளிந்திருந்தன. உள்ளே அசைவே இல்லை. இருந்த பாசியையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு அத்தனையும் செத்து அடியில் படிந்திருந்தன. அன்றிலிருந்து காலை எழுந்ததும் குளத்துக்குத்தான் போனேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்தே காத்திருந்தேன்.

ஒரு நாள் அது வந்தது. சிவப்பு போயிருந்தது. தரைவரை தெரிந்தது: யாரோ தொலைத்த மெட்டி, ஒற்றைச் செருப்பு, பல் போன சீப்பு. கொக்குகள் கரையில் நின்றன, அலகைத் தாழ்த்தவில்லை. வலையை இழுத்தேன், வெறும் தண்ணீர்தான் சொட்டியது.

“தெளிஞ்சிடுச்சு” என்று பெண்கள் சந்தோஷமாக இறங்கினார்கள். அக்கா மட்டும் என் பக்கத்திலேயே நின்றார்.

“ரொம்ப தெளிவா இருக்குது பாப்பா. அதான் பயமா இருக்குது.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் குளம் நிறைந்து, கலங்கி, பச்சை பிடித்தது. வலையில் பெரியவையும் சிறியவையும் கலந்து துள்ளின. சூடு முற்றும் முன்பே அவை சேற்றில் விட்டுப்போன முட்டைகள், தண்ணீர் குளிரும்வரை அங்கேயே கிடந்து பொரிந்திருக்கின்றன.

“திரும்ப வந்துடுச்சுக்கா” என்றேன்.

“எங்கேருந்து?”

“அடிச் சேத்துலேருந்து. இத்தனை நாளா அங்கதான் இருந்திருக்குது.”

அக்கா காலிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ரோட்டோரத்து அடிபம்பை நோக்கி நடந்தார்.