பொன்னையா வைக்கச் சொன்ன பானை

தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்து பொன்னையாவைக் கொன்றன. ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் வயிற்றுப் புண் உடைந்தது என்று எழுதியிருக்கிறார்கள். புண் உடைந்தது உண்மைதான். அது ஏன் உடைந்தது என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செய்தி எனக்குச் செம்பூரில் வந்தது. நான் கணக்கு எழுதும் லாரி ஆபீஸ் வாசலில், பொன்னையாவோடு தாராவித் தோல் பட்டறையில் வேலை செய்யும் ராசையா வந்து நின்றார். கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்திருந்தது. கழுவக்கூட நிற்காமல் பஸ் ஏறியிருக்கிறார். “பொன்னையா அண்ணன் போய்ட்டாவ. தொட்டிப் பக்கத்துலயே வயித்தப் பிடிச்சுட்டுச் சுருண்டுட்டாவ. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு” என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தலைமைக் குமாஸ்தா நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, அது என்ன நாற்றம் என்று கேட்டார்.

அவரை அறிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர் கையில் இந்தத் தாள் கிடைத்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பொன்னையா சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறப்போட்டு மயிர் சுரண்டும் வேலை செய்தவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். திருநெல்வேலிப் பக்கம் நானும் அவரும் ஒரே சேரி. இங்கே ஒரே கோலியில், ஊர்க்காரர்கள் எல்லாரும் பாய் விரித்து நெருங்கிப் படுக்கும் ஒற்றை அறையில், ஒன்றாக இருந்தோம். அவர் புனிதர் இல்லை. சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார். அடுத்தவர் பீடிக் கட்டை உரிமையோடு பிரிப்பார். ஆனால் கறி, மீன், கருவாடு எதையும் தொட மாட்டார்.

அதற்குச் சாமியும் காரணம் இல்லை, உயர்ந்தவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் இல்லை. “நாள் பூரா தோலோடயும் சவ்வோடயும் கெடக்கேன். சோத்துலயும் அதையே பாக்கணுமாக்கும்?” என்பார். அவ்வளவுதான் அவருடைய கொள்கை. அறையில் தினமும் கருவாட்டுக் குழம்புதான் கொதிக்கும். அவர் வெறும் சோற்றில் மோர் ஊற்றி வெங்காயம் கடித்துக்கொள்வார். “தோல உரிக்கவன் கறி திங்க மாட்டானாம், கேட்டியாலே” என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். ஒருவன் மடக்கினான்: “பாலும் மாட்டுட்ட இருந்துதான வருது? டீ மட்டும் குடிக்கீரே?” பொன்னையா டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். “அதுக்கும் ஒருநாள் சண்டை போடுதேன். மொதல்ல சோறு” என்றார்.

வயிற்றில் புண் என்று டாக்டர் சொன்ன பிறகு கேலி நின்றது. வயிற்றைக் காயப்போடக் கூடாது, வேளை தவறாமல் சூடான சோறு சாப்பிட வேண்டும், இல்லையென்றால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஓர் இடம் வேண்டும். அவர் கேட்டது அது மட்டும்தான். அதற்காகத்தான் கடைசி வரை அலைந்தார்.

மாட்டுங்காவில் சைவச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே போய்ப் போய்த் திரும்பி வந்தார். கேட்டால், “நான் போற நேரம் பாத்துச் சோறு தீந்துருது” என்பார். நான் நம்பவில்லை. ஒருநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். கடை அப்போதுதான் திறந்திருந்தது. இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பொன்னையா குளித்து, வெளுத்த வேட்டி கட்டித்தான் வந்திருந்தார். ஆனால் சுண்ணாம்பு தின்ற நகமும் தொட்டியின் வாடையும் குளித்தால் போகிறவை இல்லை. பரிமாறுகிறவர் அவர் கையைப் பார்த்தார். பிறகு என் ஆபீஸ் சட்டையைப் பார்த்தார். “ஸார் மட்டும் உக்காருங்கோ. சாதம் ஆயிடுத்து. ஒருத்தருக்குத்தான் வரும்” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சாதத் தவலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

நான் கத்தினேன். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. தீண்டாமைக்கு எதிராகச் சட்டம் வந்து வருஷங்கள் ஆகின்றன. அதனால் இப்போது யாரும் ‘வராதே’ என்று சொல்வதில்லை. ‘தீர்ந்துபோயிற்று’ என்கிறார்கள். பொன்னையா என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். “சண்டை போட்டா இன்னைக்குச் சோறு போடுவான், தம்பி. நாளைக்கும் நீ லீவு போட்டுட்டுக் கூட வருவியா?” என்றார்.

அதற்குப் பிறகுதான் அவர் ஆறுமுகம் அண்ணாச்சியைப் பிடித்தார். தாராவிக்குள், சயான் போகும் சாலையில் அண்ணாச்சியின் மிலிட்டரி ஓட்டல் உங்களுக்குத் தெரியும். கறிக்குழம்பு, மீன்குழம்பு, ஈரல் வறுவல். அங்கே யாரும் உட்காரலாம், யாரும் கையைப் பார்ப்பதில்லை. ‘சைவக்காரன் கடையில் எனக்கு இடம் இல்லை, எனக்கு இடம் இருக்கிற கடையில் சைவம் இல்லை. அப்படியென்றால் இங்கேதான் ஒரு பானை வைக்க வேண்டும்’ என்பது பொன்னையாவின் கணக்கு. அண்ணாச்சி சிரித்தார். “ஒன் ஒருத்தனுக்காவ ஒரு அடுப்பு மூட்டச் சொல்லுதியா?” என்றார். சமையல்காரர் இசக்கி நல்ல மனிதர். ஒரு வழி கண்டுபிடித்தார். கறிக்குழம்பை வடிகட்டி, துண்டுகளை எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பொன்னையாவின் சோற்றில் ஊற்றினார். “துண்டு ஒண்ணு கெடையாது. சந்தேகம்னா தொளாவிப் பாரும்வே” என்றார். பொன்னையா எழுந்து கை கழுவிவிட்டுப் போனார். இசக்கிக்குக் கடைசி வரை என்ன குறை என்று விளங்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பொன்னையா தனியாகப் போகவில்லை. வெள்ளிக்கிழமை கறி தொடாதவர்கள் எங்கள் அறையிலும் பக்கத்து அறைகளிலும் நிறைய உண்டு. முருகனுக்கு விரதம் இருப்பவர்கள், வீட்டில் அம்மை போட்டிருப்பவர்கள், ஊரில் சாவு விழுந்து துக்கம் காப்பவர்கள். இவர்கள் எல்லாரும் அன்று வாழைப்பழம் தின்று வேலைக்குப் போவார்கள். பொன்னையா அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அண்ணாச்சியின் பெஞ்சுகளை நிரப்பினார். நானும் போனேன். தண்ணீர் வந்தது. குடித்தோம். “சைவம் என்ன இருக்கு?” என்று பொன்னையா கேட்டார். இல்லை என்றார்கள். எல்லாரும் எழுந்து வரிசையாக வெளியே வந்தோம். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படியே. மூன்றாவது முறை அண்ணாச்சி டம்ளரைச் சுவரில் எறிந்தார். கல்லாவை விட்டு இறங்கி வந்து, “எங்கடையில வந்து கட்சி கூட்டுதியால?” என்று பொன்னையாவின் சட்டையைப் பிடித்தார். நாங்கள் எழுந்துவிட்டோம். ஒரு கை ஓங்கியிருந்தால் அன்று மண்டை உடைந்திருக்கும். பொன்னையா மட்டும் உட்கார்ந்தே இருந்தார். “வெள்ளிக்கெழம ஒங்க கடையில ஈ ஓட்டுதீங்க, அண்ணாச்சி. நான் ஆள் கூட்டியாந்து உக்கார வச்சிருக்கேன். சோறு போட மாட்டேங்கீங்க. யாரு கடையக் கெடுக்கது?” என்றார். அண்ணாச்சி சட்டையை விட்டார்.

பானை வந்தது. தனி அடுப்பு, சாம்பார், ஒரு பொரியல். கரண்டி மாறிவிடக் கூடாது என்று அதன் காம்பில் இசக்கி சிவப்பு நூல் கட்டித் தனி ஆணியில் மாட்டினார். முதலில் வெள்ளி மட்டும், பிறகு செவ்வாயும், பிறகு எல்லா நாளும். ஒரு தீபாவளி அன்று இசக்கி பிரியத்தில் சாம்பாருக்குள் ஓர் எலும்பைப் போட்டுக் கொதிக்கவைத்துவிட்டார். “நல்ல நாளும் அதுவுமா ருசியாத் திங்கட்டும்னுதான்வே போட்டேன்” என்று கண் கலங்கினார். பொன்னையா திட்டவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கவிழ்த்தார். இருவரும் உட்கார்ந்து அதைத் தேய்த்தார்கள். அந்த மாதங்களில் அவர் முகத்தில் சதை பிடித்தது. இரவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரளுவது நின்றது.

பிறகு அந்த வருஷம் வந்தது. ‘தெற்கத்தியானே வெளியே போ’ என்று உள்ளூர்க் கட்சிக்காரர்கள் சுவரெல்லாம் எழுதினார்கள். பெரிய சாலைகளில் இருந்த நம்மவர் ஓட்டல்கள் மீது கல் விழுந்தது. பல கடைகள் கதவை இறக்கின. அண்ணாச்சி கடை தாராவிக்குள் இருந்ததால் தப்பியது. வேட்டி கட்டியவன் ரயிலில் தமிழ் பேசப் பயந்தான். பகல் சாப்பாட்டுக்கு இடம் இல்லாமல் போன குமாஸ்தாக்கள், அண்ணாச்சி கடையில் தனிப்பானை இருப்பதைக் கேள்விப்பட்டு வந்தார்கள். கூட்டம் பெருகியது. அண்ணாச்சி கடையின் பாதியைப் பலகை வைத்து அடைத்தார். அந்தப் பக்கத்துக்குத் தனி வாசல் வைத்து, வாசலில் ‘சைவம்’ என்று எழுதிப் போட்டார். மேசைக்குக் கண்ணாடி வந்தது. விசிறி வந்தது.

ஒருநாள் பகலில் பொன்னையா தொட்டியிலிருந்து நேரே வந்து அந்த அறையில் உட்கார்ந்தார். நான் எதிரில் இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு எழுந்து கல்லாவுக்குப் போனார். ஊரே துரத்துகிற நேரத்தில் சோற்றுக்கு இங்கே வந்த மனிதர் அவர். அண்ணாச்சி வந்தார். குரலை உயர்த்தவில்லை. “பொன்னையா, கோவிச்சுக்காத. அந்தப் பக்கம் போய் உக்காரு. சாம்பார அங்க கொண்டாரச் சொல்லுதேன்.”

“அந்தப் பக்கம் கறிக் கரண்டி, அண்ணாச்சி.”

“அப்பம் டப்பாவுல ஊத்தித் தாரேன். பட்டறையில வச்சுத் தின்னு.”

பொன்னையா சொன்னார்: “உக்காந்து திங்கதுக்குத்தான அண்ணாச்சி இந்தப் பானைய வைக்கச் சொன்னேன்?”

அண்ணாச்சி நகரவில்லை. அறையில் எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். பொன்னையா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, தனி வாசல் வழியாகவே வெளியே போனார். அதற்குப் பிறகு அந்தக் கடைக்குள் கால் வைக்கவில்லை. பகலில் பன்னும் டீயும். சில நாள் வெறும் டீ. நான் கெஞ்சினேன், இசக்கி அறைக்கே வந்து கெஞ்சினார், டப்பாவில் கொண்டுவந்தார். டப்பா அப்படியே திரும்பிப் போனது. பிடிவாதம் என்று நீங்கள் சொல்லலாம். உட்காரும் இடத்தில் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லாமல் பிறந்தவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. நான் கறி தின்பவன், இனியும் தின்பேன். ஆனால் இப்போது கல்யாணிலும் சரி, செம்பூரிலும் சரி, எந்தக் கறிக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் “சைவம் என்ன இருக்கு?” என்று கேட்கிறேன். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கிறேன். பைத்தியம் என்று பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு கடைக்காரர், நாளைக்கு ஒரு பருப்பாவது வைக்கிறேன் என்றார். எல்லாரும் உட்காரும் கடையில் எல்லாருக்கும் ஆன சோறு இருக்க வேண்டும், எல்லாருக்கும் ஆன சோறு இருக்கும் கடையில் எல்லாரும் உட்கார வேண்டும். பொன்னையா விட்டுப்போன வேலையில் இரண்டாவது பாதிதான் கடினமானது.

அவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்துக்கு ஆறுமுகம் அண்ணாச்சியும் வந்திருந்தார். பெரிய மாலை கொண்டுவந்தார். பொன்னையா நல்ல மனுஷன், அவனால்தான் என் கடையில் சைவம் வந்தது என்று எல்லார் முன்னாலும் சொன்னார். குரல் தழுதழுத்தது, நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். காரியத்தன்று பட்டறை ஆட்கள் அத்தனை பேருக்கும் தன் செலவில் சைவச் சாப்பாடு என்று அறிவித்தார். கை தட்டினார்கள். நான் எழுந்து, சாப்பாடு எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். இன்னொரு முறை கேட்டேன். கூட்டம் முடிந்தது என்று யாரோ சொன்னார்கள்.

காரியத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதனால் உங்கள் எல்லார் முன்னாலும் அச்சில் கேட்கிறேன். அண்ணாச்சி, அன்றைக்குத் தொட்டி வேலையிலிருந்து அப்படியே வரும் ராசையாவையும் மற்றவர்களையும் சைவம் என்று எழுதிய வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டு, கண்ணாடி மேசையில் உட்கார வைத்து இலை போடுங்கள். போடுவீர்களா, மாட்டீர்களா, சொல்லுங்கள்.