யாகப்பரின் வரியில் ஒரு வேலி

தலைமன்னார் மீனவர் சங்கக் கந்தோரில் டிலோஜினி மூன்று வருடமாக எழுத்து வேலை பார்க்கிறாள். மீன் வைக்கும் குளிர் அறை தலைமன்னாருக்கா வேறு ஊருக்கா என்பது, அன்று மூன்று மணிக்குள் அவள் அனுப்ப வேண்டிய அறிக்கையைப் பொறுத்தது. அறிக்கையில் ஒரு வரைபடம் வேண்டும். ஆறு படகு, ஆறு வரி. ஒரு வரியில் படகு எண்ணும் கிலோவும் மட்டும். தம்பி றெனால்ட் அனுப்பிய லேடெக் என்ற கணினிக் கோப்பு மிச்சத்தை வரைந்துவிடும். விழுக்காட்டுக் குறிக்குப் பின்னால் எதை எழுதினாலும் மெசின் வாசிக்காது என்றும் அவன் சொல்லியிருந்தான்.

சங்கப் பதிவேட்டில் கிலோ குறைந்தவருக்குப் பக்கத்தில் காரணம் எழுதாமல் விடுவது பெரிய அவமானம். ஐந்தாம் படகு யாகப்பருக்கு அந்த மாதம் பன்னிரண்டு கிலோதான். ஆகவே அவருடைய வரி முடிவில் குறியைப் போட்டு, 'வலையைத் திருக்கை கிழித்தது' என்று தட்டினாள். ஒருவரும் வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்தும் யாகப்பர் அவள் பக்கத்தில் கதிரை போட்டிருந்து சரிபார்த்தார்.

மெசின் படம் வரைய மறுத்தது. இரண்டு எண் இருக்கவேண்டிய வரியில் நான்கு இருக்கிறதாம். தம்பிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"அந்தக் குறி வரி முடிவையும் சேத்து விழுங்கிப்போடும் அக்கா. அடுத்த வரி வந்து ஒட்டிக்கொண்டிடும்."

அடுத்த வரி ஆறாம் படகு அமிர்தநாயகம். நடு வேலி யாருடைய காணிக்குள் நிற்பது என்ற தகராறில் பதினொரு வருடமாக யாகப்பரின் முகம் பாராதவர். வாசலில் முதுகைக் காட்டி இருந்தவர் துள்ளி எழும்பினார். "என்னை அந்தாளோடை ஒரே வரியிலையோ?"

"குறிப்பை எடுத்துவிடட்டோ மாமா?" என்று டிலோஜினி யாகப்பரைக் கேட்டாள்.

"எடுத்தால் என்னைச் சோம்பேறி எண்டு மெசின் நினைக்கும்" என்றார் யாகப்பர்.

மணி இரண்டரை. டிலோஜினிக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பவும் தம்பி.

"எல்லா வரியிலையும் எண்ணுக்குப் பிறகு, குறிக்கு முன்னாலை, ரெண்டு சாய்ஞ்ச கோடு போடு. வரி முடிவு அதுதான் எண்டு மேலையும் ஒருக்கா எழுதிவிடு."

போட்டாள். படம் வந்தது. இரண்டு கிழவர்களும் திரையில் மூக்கை வைத்தார்கள்.

"எங்கட ரெண்டு வரிக்கும் இடையிலை இந்தக் கோடு என்ன, வேலியோ?" என்றார் அமிர்தநாயகம்.

"ஓம் மாமா."

"ஆரின்ட காணிக்குள்ளை நிக்குது?"

"யாகப்பர் மாமான்ட வரியிலை."

"இதைத்தானே நான் பதினொரு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறன்!"

யாகப்பர் மணிக்கூட்டைப் பார்த்தார். "மெசினிலை மட்டும்தான். ஊரிலை வேலிக்கு ஒரு மட்டையும் நட மாட்டன். குறிப்பு இருக்குதெல்லோ? அப்ப அனுப்பு பிள்ளை."

"அனுப்பு பிள்ளை" என்றார் அமிர்தநாயகமும். பதினொரு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் பேச்சு அது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க, அறிக்கை போனது.