வேலூர்க்காரனிடம் சிக்கிய ஆமை

வேலூரில் பிறந்து வளர்ந்த எனக்கு வெயிலோடு ஒரு தனிப்பட்ட பகை உண்டு. பெங்களூரில் ஆசிரியர் வேலை கிடைத்தபோது சொந்தக்காரர்கள் எல்லாரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். நான் ஒருவன்தான், மே மாதத்தில் ராத்திரி போர்த்திக்கொண்டு தூங்க முடியுமா என்று விசாரித்தேன். சில நாள் முடியும் என்றார்கள். அந்தச் சில நாளுக்காகவே பெட்டி கட்டினேன்.

பள்ளிக்கூடம் ரிச்சர்ட்ஸ் டவுனில். என் ஐந்தாம் வகுப்பு அறையில் கிழக்குப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. காலையில் வெயில் நேராக என் மேஜைக்கே வந்து உட்காரும். சேர்ந்த முதல் நாளே நீர்ச்சுழற்சிப் படம் ஒன்றை ஒட்டி அந்த ஜன்னலை அடைத்துவிட்டேன். படத்தின் மூலையில் மஞ்சளாக ஒரு சூரியன் சிரித்துக்கொண்டிருக்கும். என் வாழ்க்கைக்கு அந்த அளவு சூரியன் தாராளம்.

அந்த அறைக்குத்தான் ஆமை வந்தது. வெளிநாட்டுக்கு மாற்றலாகிப் போன ஒரு பெற்றோர், கண்ணாடித் தொட்டியோடு அதைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளங்கை அகலம், காதோரம் சிவப்புக் கோடு. மீன் கடைகளில் விற்பார்களே, அந்த ஜாதி. பெயர் வைப்பதில் பிள்ளைகளுக்குள் ரத்தம் வராத குறையாகச் சண்டை நடந்து, கடைசியில் 'ஆமை' என்பதே பெயராக நிலைத்தது. தினமும் வருகைப் பதிவின் முடிவில் "ஆமை" என்று கூப்பிடுவேன். அதற்குப் பதிலாக வகுப்பே சேர்ந்து "பிரசென்ட் சார்" என்று கத்தும்.

அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும். அலமாரிக்குப் பக்கத்தில், அறையிலேயே குளிர்ச்சியான இருட்டு மூலையை அதற்கு ஒதுக்கினேன். நேர் மேலே மின்விசிறி. ஏப்ரலில் கேன்டீனிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி வந்து தொட்டியில் போட்டேன். ஸ்வெட்டரைக் கழற்றவே முடியாத பிறவி, பாவம், எப்படிப் புழுங்குமோ என்று மின்விசிறியை இன்னும் ஒரு சுற்றுக் கூட்டிவைப்பேன்.

இந்தச் சேவைக்கு வகுப்பில் ஒரே ஒரு எதிர்ப்பு. முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிறுமி. ஒக்கலிபுரத்திலிருந்து வேனில் வருவாள். ஆமைக்குத் தண்ணீர் மாற்றுவது, தீனி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. நான் அந்தப் பக்கம் திரும்பினால் தொட்டியை ஜன்னல் பக்கம் நகர்த்துவாள். நான் மறுபடி மூலைக்கு இழுப்பேன்.

"சார், அதுக்குக் குளுருது."

"எப்பவும் தண்ணியில இருக்கிறதுக்கு எப்படிம்மா குளுரும்?"

அவள் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். என் மாமியாருக்குப் பிறகு அப்படிப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

ஜூலையில் தூறல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஆமை தின்பதை நிறுத்தியது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. ஒருநாள் வருகைப் பதிவில் "ஆமை" என்றேன். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பிறகு அந்தச் சிறுமி எழுந்து, "ஆப்சென்ட் மாதிரிதான் சார்" என்றாள்.

விஷயம் தலைமை ஆசிரியைக்குப் போனது. பல தலைமுறையாக அந்தப் பேட்டையிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. அதிர்ந்து பேச மாட்டார், ஆனால் பேசினால் அதுதான் முடிவு. ஆமையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டில் எது அதிகம் வாடியிருக்கிறது என்று கணக்குப் போட்டிருப்பார்.

"பசங்க கண்ணு முன்னாடி இது செத்துப்போகக் கூடாது சார். டாக்டர்கிட்ட காட்டுங்க. தேறலன்னா அல்சூர் ஏரில விட்டுடலாம்."

அன்று மதியம் என் வகுப்பில் பாதி டிபன் டப்பாக்கள் திறக்கப்படவே இல்லை.

சனிக்கிழமை ஆமையை வாளியில் வைத்து ஆட்டோவில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் இளம்பெண். கன்னடத்தில் ஆரம்பித்தவர், என் கன்னடத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டுத் தமிழுக்கு மாறினார். ஆமையின் முதுகு ஓட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். அது ஈரப் பிஸ்கட் போல அமுங்கியது. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையோடு நிழல், மின்விசிறி, ஐஸ் என்று வரிசையாக ஒப்பித்தேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"ஐஸா?"

"ஏப்ரல்ல மட்டும்தான் மேடம்."

"சார், நீங்க எந்த ஊரு?"

"வேலூர்."

"அதான்," என்றார்.

ஆமைக்கு என்ன நோய் என்பதற்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது. பிறகு பொறுமையாகச் சொன்னார். இதற்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாதாம். வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடு இல்லாவிட்டால் தின்றது செரிக்காது, வெயில் இல்லாவிட்டால் ஓடு கெட்டிப்படாது. வெறும் காய்ந்த இறால் போட்டால் போதாது, கீரையும் வேண்டும். ஊசி போட்டார், சொட்டு மருந்து கொடுத்தார், தொட்டிக்கென்று ஒரு விளக்கு வாங்கச் சொன்னார். ஏரிப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். வெளிநாட்டு ஆமையாம், அங்கே இருக்கிற நம்மூர் ஆமைகளைப் பட்டினி போட்டுவிடுமாம்.

"கண்ணாடி வழியா வர்ற வெயில் பத்தாது சார். நேரா மேல படணும். ஓரத்துல கொஞ்சம் நிழல் வைங்க. போதும்னு தோணினா அதுவா போயிக்கும். நீங்க முடிவு பண்ணாதீங்க."

திங்கட்கிழமை ஜன்னலிலிருந்து நீர்ச்சுழற்சிப் படத்தைக் கிழித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைமை ஆசிரியை விளக்குக்குச் சொல்லிவிட்டார், ஆனால் வந்து சேர நாளாகும் என்றார்கள். அதுவரை ஆமையின் உயிர் பெங்களூர் ஜூலை மாதத்துச் சூரியன் கையில். வெயில் இல்லாத ஊர் தேடி வந்த நான், வானத்தை அண்ணாந்து பார்த்து வெயில் பிச்சை கேட்டேன். வேலூரில் இருக்கிற வெயில் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும்.

பின்னக் கணக்கு நடந்துகொண்டிருக்கும். திடீரென்று முதல் பெஞ்சிலிருந்து "சார், வெயில்" என்று குரல் வரும். அவ்வளவுதான். வெளியே வைப்பதற்கென்று வாங்கிய அகலமான பிளாஸ்டிக் தொட்டியை நான்கு பேர் தூக்க, ஒருத்தன் செங்கல், ஒருத்தி நிழலுக்குக் கூரை ஓட்டுத் துண்டு, நான் ஆமை, எல்லாரும் மைதானத்துக்கு ஓடுவோம். செங்கல் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஆமையை இறக்கினால் மேகம் வந்து மூடிவிடும். திரும்பி வந்து பின்னத்தில் கீழ் எண்ணைப் பிடிப்பதற்குள் மறுபடி "சார், வெயில்." அந்த மாதம் என் வகுப்பு கணக்கில் தேறியதோ இல்லையோ, ஓட்டத்தில் பள்ளியிலேயே முதலிடம். எனக்கு முழங்கால் வலி வந்தது. ஆமைக்கு மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகு ஒரு காலை, மழை கழுவிவிட்ட வானத்தில் சூரியன் வந்தது, வந்ததோடு நின்றது. ஆமை வெகுநேரம் கல்லாகக் கிடந்தது. மெல்லச் செங்கல் மேல் ஏறியது. இடது கண்ணில் ஒரு கீற்று திறந்தது. கழுத்தை முழு நீளத்துக்கு நீட்டி, பின்னங்கால் இரண்டையும் வால் பக்கமாக விரித்து, விரல்களைப் பரப்பி, பறக்கப் போகிறாற்போல் படுத்துக்கொண்டது. அந்தச் சிறுமி கீரைத் துணுக்கு ஒன்றைத் தண்ணீரில் போட்டாள். ஆமை இறங்கிப் போய் ஒரு கடி கடித்தது. இன்னொன்று. பிறகு சாவகாசமாக ஏறி, பழையபடி காலை நீட்டிக்கொண்டது.

"ஆமை," என்றேன்.

"பிரசென்ட் சார்" என்ற சத்தத்தில் மரத்திலிருந்த காக்கைகள் பறந்துவிட்டன.

அடுத்த நிமிஷம் ஐந்தாம் வகுப்பு முழுவதும் ஈரப் புல்லில் குப்புறப் படுத்து, கழுத்தையும் காலையும் நீட்டி வெயில் காய்ந்தது. சீருடை என்ன ஆனது என்று அன்று மாலை பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் விரிவாகப் பேசப்பட்டது. எனக்கும் படுத்துப் பார்க்க ஆசைதான், ஆனால் அதற்குள் உச்சந்தலை சுட ஆரம்பித்தது. பழக்கம் போகுமா? கையிலிருந்த குடையை விரித்துக்கொண்டு ஆமைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த தலைமை ஆசிரியை, படுத்துக் கிடந்த பிள்ளைகளைத் தாண்டித் தாண்டி தொட்டிக்கு வந்தார். குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது.

"சார், உங்க குடை நிழல் அது மேலதான் விழுது."

பார்த்தேன். தொட்டி முழுக்க நிழல். ஆமை காலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

அவசரமாகக் குடையை மடக்கினேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி, புல்லிலிருந்து எழுந்து வந்த முதல் பெஞ்சுச் சிறுமியிடம் கொடுத்தார்.

"இத நீயே வெச்சுக்க. சார் கேட்டாலும் குடுக்காத."

அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் நல்ல பிள்ளையாக இரண்டடி தள்ளி வெயிலில் நின்றேன்.