பதினொரு மணிக்குப் புதுப் பேஷண்ட்

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அவரே சொல்கிறார், நம்பாமல் இருக்க முடியுமா? தொற்று பரவத் தொடங்கிய நாளிலிருந்து நான்கு மாதமாக வீட்டு மாடியறையில் தனிக்குடித்தனம். கணவர் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிய பிறகுதான் கதவு திறக்கும். கழுவிக் கழுவிக் கையில் தோல் உரிந்துவிட்டது. மற்றபடி சௌக்கியம்.

ஆளைக் கண்டாலே ஊர் ஆறடி தள்ளி ஓடிய காலத்தில், "இன்னும் பெருசா வாயைத் திறங்க" என்று கெஞ்சிச் சம்பாதிக்கிற பிழைப்பு பல் டாக்டருடையது. டிரில்லை வைத்தால் எச்சில் சாரலாகத் தெறிக்கும். கவச உடை, இரண்டு முகக்கவசம், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தகடு என்று மாட்டிக்கொண்டு நாளைக்கு ஆறு வாய் பார்ப்பார். யாராவது இருமினால் இரண்டடி பின்னால் தாவுவார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்து, அவருடைய கடைவாய்ப்பல்லிலேயே கீறல் விழுந்துவிட்டது. இதே கீறலோடு வருகிறவர்களிடம், மனசில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று புத்தி சொல்லி அனுப்புகிற மகராசி அவர்தான்.

பல் மருத்துவர் சங்கம் சும்மா இருக்குமா? உறுப்பினர்களின் மனநலம் காக்க இணையத்தில் கூட்டம் போட்டது. பேச வந்தவர் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொன்னார். நாள் முழுக்க அடுத்தவர் மூச்சுக்குப் பயந்து சாகிறவர்களிடம் போய்! முடிவில் ஒரு கேள்வித்தாள் வந்தது. பயம் உண்டா? இல்லை. தூக்கம்? நன்று. குடும்பத்தோடு நேரம் செலவிடுகிறீர்களா? நிறைய. டாக்டரம்மா கூசாமல் டிக் அடித்து அனுப்பினார். சான்றிதழ்கூட வந்தது.

இந்த நேரம் பார்த்து ஏழு வயது மகளுக்கு முன்பல் ஆட ஆரம்பித்தது. அம்மாதான் பிடுங்க வேண்டும் என்று மூன்று நாளாக மாடிப்படிக்குக் கீழே நின்று அடம்பிடித்தாள். டாக்டரம்மா இரண்டு படி இறங்கினார். பிள்ளைக்குத் தன்னால் ஏதாவது ஆகிவிட்டால்? அது தானாக விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு புதுப் பேஷண்ட் என்று கிளினிக் உதவியாளர் சொன்னார். யாரென்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினார். கதவைத் திறந்துகொண்டு வந்தது மகள். போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்கியதும் அவளேதானாம். அப்பா வெளியே காரில் இருந்தார்.

மகள் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள். உதவியாளர் வழக்கமான படிவத்தை எடுத்துக் காய்ச்சல், இருமல் எல்லாம் கேட்டு முடித்து, கடைசிக் கேள்விக்கு வந்தார்.

"தொற்று உள்ளவங்களோட பழகுற யாராவது, இந்தப் பதினாலு நாள்ல உன்னைத் தொட்டாங்களாம்மா?"

"இல்ல ஆன்ட்டி. அம்மா என்னைத் தொட்டு நாலு மாசமாச்சு. பேஷண்டைன்னா தொடுவாங்கல்ல, அதான் வந்தேன்."

பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் கண்ணீர் வழிந்தால் துடைக்க முடியாது என்பதை எந்தக் கூட்டத்திலும் யாரும் சொல்லித்தரவில்லை. டாக்டரம்மா பஞ்சால் பல்லைப் பிடித்தார். தொட்டதுமே கையோடு வந்துவிட்டது. அரை நிமிட வேலை.

மகள் எழுந்திருக்கவில்லை. பஞ்சைக் கடித்தபடியே, "இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க டாக்டர்" என்றாள்.

டாக்டரம்மா மற்றப் பற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு உதவியாளரிடம் திரும்பினார்.

"அடுத்தவங்களை நாளைக்கு வரச் சொல்லுங்க. எனக்கு முடியல."